பதினோரு அலுவலகம், ஒரே குப்பைக் கணக்கு

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் நாலு மாடிக் கட்டடம் இது. பெயர் வேண்டாம். தரைத்தளத்தில் ஒரு செல்போன் கடையும் டூவீலர் உதிரிபாகக் கடையும். மேலே பதினோரு அலுவலகங்கள். நான் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகம் இரண்டாம் மாடியில். மற்றவை இன்சூரன்ஸ் கிளை, கொலுசு மொத்த வியாபாரியின் ஆபீஸ், போட்டித் தேர்வுப் பயிற்சி மையம், சின்னச் சின்னதாக இரண்டு சாஃப்ட்வேர் கம்பெனி, மருந்து மொத்த விற்பனை, டிராவல்ஸ், பல் டாக்டர், சிட் ஃபண்ட், வக்கீல். பயிற்சி மையத்துக்கு வந்து போகிற பிள்ளைகளை விட்டுவிட்டால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் நூற்றிருபது பேர் இருப்போம்.

வாடகைதாரர் சங்கம் என்று ஒன்று உண்டு. மோட்டார் ரிப்பேர், லிஃப்ட் ரிப்பேர், செக்யூரிட்டி சம்பளம், இதற்கெல்லாம் பணம் பிரிக்கிற வேலை. வருடத்துக்கு ஒருவர் செயலாளர் என்று முறை வைத்ததில் ஒரு வருடம் என் தலையில் விழுந்தது. குப்பை விஷயம் அந்த வருடம்தான் ஆரம்பித்தது. இப்போது செயலாளர் வேறு ஒருவர். குப்பை மட்டும் என்னிடமே நின்றுவிட்டது.

கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க ஒரு அம்மா வருவார். எல்லோருக்கும் அவர் அக்கா. எங்கள் முதலாளிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, அவருக்கும் அக்காதான். காலை ஏழு மணிக்கு வந்து மேஜைக்கு மேஜை இருக்கிற தொட்டிகளைக் கறுப்புக் கவரில் கொட்டிக் கட்டி, கீழே பார்க்கிங்கில் மாடிப்படிக்கு அடியில் வைப்பார். தினமும் ஏழெட்டு மூட்டை சேரும். மாநகராட்சி வண்டி வரும்போது ஏற்றிவிடுவார். குப்பை எங்கே போகிறது, என்ன ஆகிறது என்பதெல்லாம் பதினோரு அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தட்டுவடை செட் வைத்த பாடம்

ஆடிட் சீசனில் ஒரு சாயங்காலம், கிளையன்ட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேலன்ஸ் ஷீட் ஒன்றைக் காணோம். மேஜை, அலமாரி, ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் என்று எல்லா இடமும் தேடியாகிவிட்டது. கடைசியில் தொட்டியில் விழுந்திருக்கும் என்று கீழே ஓடினேன். அன்று அக்கா மாலையிலும் வந்திருந்தார். இருவருமாக மூட்டைகளை அவிழ்த்தோம்.

நாலாவது மூட்டையில் கிடைத்தது. அதன் மேலே யாரோ பாதி தின்றுவிட்டுப் போட்ட தட்டுவடை செட். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். அந்த பீட்ரூட் சாறு கையெழுத்தின் மேல் இறங்கி, கீழே இருந்த நூறு நூற்றைம்பது வெள்ளைத் தாள்களையும் ரோஸ் நிறமாக்கியிருந்தது. பக்கத்திலேயே அரை கப் டீ கவிழ்ந்து கிடந்தது.

பேலன்ஸ் ஷீட்டை மறுபடி பிரின்ட் எடுத்து, மறுபடி கையெழுத்து வாங்கி, திட்டும் வாங்கிக்கொண்டேன். அது தனிக்கதை. எனக்கு மறக்காதது அந்த மூட்டையின் உட்புறம். முக்கால்வாசி நல்ல பேப்பர், அட்டை, கவர், பாட்டில். ஈரமான பொருள் இரண்டு கையளவுதான் இருக்கும். அந்த இரண்டு கையளவு மூட்டை முழுவதையும் கெடுத்திருந்தது.

அக்கா ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "இதெல்லாம் நல்ல பேப்பர் சார். டீ ஊத்திட்டா எடைக்கடைக்காரர் தொட மாட்டார்."

எடைக்கு எடுப்பவர் ஈரப் பேப்பரை ஏன் தொடமாட்டார் என்பதற்குக் காரணம் உண்டு. நனைந்த அட்டை எடை கூடக் காட்டும், அதனால் அவர் தண்ணீருக்குக் காசு கொடுக்க நேரும். குடோனில் அடுக்கினால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். எண்ணெய் பட்ட தாள் இன்னும் மோசம். பேப்பர் ஆலையில் பழைய காகிதத்தைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கும்போது எண்ணெய் பிரியாது, புதுத் தாளில் திட்டுத் திட்டாக வந்து நிற்கும். நம் பக்கத்திலேயே கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை பழைய காகிதத்தில் மை நீக்கிக் கூழ் எடுக்கிறது. அங்கே போய்ச் சேரக்கூடிய தாளை ஒரு பஜ்ஜியின் எண்ணெய் தடுத்துவிடும்.

சட்டம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதை நாலாக்கியிருக்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி கழிவு (நாப்கின், டயப்பர்), தனிக் கவனம் தேவைப்படும் கழிவு (பல்பு, பழைய மருந்து, பெயின்ட் டப்பா மாதிரியானவை). நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர்களுக்குத் தனிப் பொறுப்புகள் உண்டு. எங்கள் கட்டடம் அந்த அளவைத் தொடாது. ஒவ்வொரு அலுவலகத்தையும் தனியாக எடுத்தால் இன்னும் சொற்பம். "நாம போடறது என்ன பெரிய குப்பை" என்று பதினோரு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தோம். தனித்தனியாக அது உண்மையும்கூட.

முதல் ஏற்பாடும் பூட்டிய அறையும்

சங்கக் கூட்டத்தில் பேசி, ஆரம்பத்தில் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. மாடிக்கு மூன்று நிறத் தொட்டி வாங்கினோம். படம் போட்டு நோட்டீஸ் ஒட்டினோம். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். அதில் முதல் வாரம் குப்பையைப் பற்றியும் அதற்குப் பிறகு காலை வணக்கமும் வந்தன. மேஜைக்கு அடியில் இருந்த பழைய தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டோம். எழுந்து நடந்து போய்ப் போட வேண்டிய மூன்று நிறத் தொட்டியைவிட, கால் பக்கத்தில் இருக்கிற தொட்டிதான் ஜெயிக்கும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. பழைய டியூப்லைட்டும் உடைந்த நாற்காலியும் கிடந்த அந்த அறையைச் சுத்தம் செய்து, "மறுசுழற்சி அறை" என்று போர்டு மாட்டி, அட்டையும் பேப்பரும் சேர்த்து வைத்துப் பூட்டுப் போட்டோம். சாவி செக்யூரிட்டி அண்ணனிடம். மாதம் ஒரு முறை விற்று, வருகிற பணத்தைச் சங்கக் கணக்கில் வரவு வைப்பது திட்டம். கணக்கு எழுதுகிறவன் நான்தானே, எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

மூன்று வாரத்தில் எல்லாம் கலந்து வந்தது. முன்னைவிட மோசம். பேப்பர் தொட்டியில் வாழைப்பழத் தோல், ஈரத் தொட்டியில் தண்ணீர் பாட்டில். அட்டைகள் நனைந்து வந்தன. நான் நோட்டீஸை இன்னும் பெரிய எழுத்தில் அடித்து ஒட்டினேன்.

ஒரு காலை அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏன் சார், அட்டையெல்லாம் இனிமே சங்கத்துதாமே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் நோட்டீஸ் ஒட்டுவதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே இந்தக் கட்டடத்தில் மறுசுழற்சி நடந்துகொண்டுதான் இருந்தது. மூட்டைகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன் அக்கா அட்டையையும் நனையாத பேப்பரையும் பாட்டிலையும் தனியாக எடுத்து வைப்பார். மருந்துக் கடைக்காரர் இறக்குகிற அட்டைப் பெட்டிகள் முழுவதும் அவருக்குத்தான். வாரம் ஒரு நாள் எடைக்கடைக்குக் கொண்டு போவார். கிடைப்பது அதிகம் இல்லை, ஆனால் அது அவருடைய பஸ் செலவு, பேரனுக்கு நோட்டுப் புத்தகம். நாங்கள் மாட்டிய பூட்டு அந்தப் பணத்தின் மேல் மாட்டியது. பிரிக்கிற வேலையை அவர் தலையில் ஏற்றிவிட்டு, பிரித்ததில் வருகிற காசை எங்கள் கணக்கில் எழுதப் பார்த்திருக்கிறோம். அப்புறம் யார் பிரிப்பார்கள்?

அலுவலகக் குப்பையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் தொட்டியின் நிறத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி இதுதான்: உங்கள் கட்டடத்தில் இப்போது இதைச் செய்துகொண்டிருப்பது யார், அதில் அவருக்கு வருவது எவ்வளவு?

அட்டை அக்காவுக்கு

அடுத்த கூட்டத்தில் அக்காவையும் உட்கார வைத்தோம். அவர் உட்கார மாட்டேன் என்று கதவோரம் நின்றார். டிராவல்ஸ் நடத்தும் அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார். முடிவுகள் சுருக்கமானவை. விற்கிற பணம் முழுவதும் அவருக்கு, சங்கத்துக்கு அதில் காலணா கிடையாது. அறையின் சாவியும் அவரிடம். பிரிக்கிற நேரத்துக்குச் சம்பளத்தில் தனியாக ஒரு தொகை, கையுறை, சோப்பு. அந்தத் தொகை மெயின்டனன்ஸில் பதினோரு பங்காகப் பிரிந்தபோது ஆளுக்கு வந்தது ஒரு நாள் டீ செலவுகூட இல்லை.

"சங்கத்துக்கு வருமானம் வரும்னு சொன்னீங்களே" என்று சிட் ஃபண்ட்காரர் கேட்டார். கேட்கத்தான் செய்வார், அவர் தொழில் அது. வருமானம் வேறு வழியில் வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேஜைக்கு அடியில் இருந்த தொட்டிகளை எடுக்கச் சொன்னவர் அக்காதான். "கால்கிட்ட தொட்டி இருந்தா கையில இருக்கறதெல்லாம் அதுலதான் விழும் சார்." எடுத்துவிட்டோம். பதிலுக்கு ஒவ்வொரு மேஜையிலும் ஒரு அட்டைத் தட்டு, ஒரு பக்கம் அச்சடித்த தாள் மட்டும் போட. மற்றதற்கெல்லாம் எழுந்து வராந்தாவுக்குத்தான் போக வேண்டும். மாடிக்கு ஒரே இடம், அங்கே ஈரத்துக்கு மூடி போட்ட வாளி, உலர்ந்ததற்குச் சாக்கு. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. இன்சூரன்ஸ் கிளையில் ஒருவர் தன் டிராயரையே குப்பைத் தொட்டியாக்கிவிட்டார். எறும்பு வந்ததும் திருந்தினார்.

இப்போது கீழே வண்டிக்குப் போகும் கலப்புக் குப்பை ஒரு மூட்டை, சில நாள் இரண்டு. ஈர வாளி தனியாகப் போகிறது.

சேர்ந்து செய்வதால் என்ன லாபம் என்ற கேள்விக்கு எடைக்கடைக்காரர் ஒரே வரியில் பதில் சொன்னார். அவர் குடோன் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம். ஆரம்பத்தில், எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தேன். "அரை மூட்டைக்கு வண்டி எடுத்தா டீசல் காசு தேறாதுங்க" என்றார். பதினோரு அலுவலகத்தின் பேப்பரும் அட்டையும் ஒரே அறையில் சேர்ந்த பிறகு அவரே குட்டியானை அனுப்புகிறார். அக்கா தலையில் சுமந்து பஸ் ஏறிய காலம் போய்விட்டது. கலக்காமல், நனையாமல், வெள்ளைத் தாள் தனி, அட்டை தனி என்று இருப்பதால் அவர் கொடுக்கும் விலையும் கூடியிருக்கிறது. வெள்ளைத் தாளுக்கும் கலப்புத் தாளுக்கும் விலை வித்தியாசம் உண்டு என்பது எங்களுக்குப் புதுச் செய்தி, அக்காவுக்குப் பழையது.

பில்லைப் பார்த்தால் குப்பை தெரியும்

குப்பையை எடை போட்டுக் கணக்கு வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். தராசு வாங்கி, தினமும் எழுதி, யார் செய்வது? எனக்கு ஒரு சுலப வழி தோன்றியது. தொழில் புத்திதான். வெளியே போகிறது எல்லாம் ஒரு நாள் உள்ளே வந்ததுதானே, வாங்கிய பில்லைப் பார்த்தால் போதும்.

ஏ4 தாள் ஒரு ரீம் 500 தாள். 75 ஜிஎஸ்எம் தாள் (ஒரு சதுர மீட்டர் 75 கிராம்) என்றால் ஒரு ரீம் சுமார் 2.3 கிலோ. ஒரு அலுவலகம் மாதம் 20 ரீம் வாங்கினால் 46 கிலோவுக்கு மேல் காகிதம் உள்ளே வருகிறது. அது கிளையன்டுக்குப் போக வேண்டும், ஃபைலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குப்பையில் இருக்க வேண்டும். நாலாவது இடம் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் போட்டபோது முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வரைவு நகலையெல்லாம் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தோம். பிரின்டரில் இரண்டு பக்கமும் அடிக்கிற வசதி வாங்கிய நாளிலிருந்து இருந்தது, யாரும் அதை அமுக்கவில்லை.

அதை எல்லா அலுவலகத்திலும் மாற்றியது சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன்கள். ஒரு மதியம் மாடி மாடியாக ஏறி எல்லாருடைய பிரின்டரிலும் இரண்டு பக்கம் அச்சடிப்பதை வழக்கமான அமைப்பாக வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் வேண்டுமென்றால் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனம் முதல்முறையாகக் காகிதத்துக்குச் சாதகமாக வேலை செய்தது. சிட் ஃபண்ட்காரருக்கு நான் சொன்ன வருமானம் இதுதான். பழைய பேப்பர் கிலோவுக்குக் கிடைப்பது சில ரூபாய். வாங்காமல் விட்ட ரீம் ஒவ்வொன்றும் அதைப்போலப் பல மடங்கு.

பழைய ஃபைல்கள் வேறு சமாச்சாரம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டியதை எல்லோரும் பயத்தில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். பான், ஆதார் நகல் இருக்கிற தாளை எடைக்குப் போட மனம் வராது. வரவும் கூடாது. ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாகத் தாள் கிழிக்கும் மெஷின் வாங்குவது வீண் என்று பொதுவாக ஒன்று வாங்கினோம்.

இதிலும் ஒரு கூத்து. மலிவாக இருக்கிறது என்று நாங்கள் வாங்கிய மெஷின் தாளை நீள நீள நாடாவாக வெட்டுகிற வகை. அந்த நாடாக்களைக் கொலுசு வியாபாரி கேட்டு வாங்கிக்கொண்டார். வெளியூர்ப் பார்சலில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் திணிக்க வாகாக இருக்கிறதாம். ஒரு வாரம் கழித்து அவரே மேலே வந்து ஒரு நாடாவை என் கையில் கொடுத்தார். தாள் படுத்தவாக்கில் உள்ளே போயிருக்கிறது. ஒருவருடைய போன் நம்பர் பத்து இலக்கமும் வரிசையாக அதில் இருந்தது. "இதோட வெள்ளியும் சேத்து மதுரைக்கு அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார். அன்றே கடைக்குப் போய், குறுக்கும் நெடுக்கும் பொடியாக வெட்டுகிற மெஷினாக மாற்றிக்கொண்டு வந்தோம். கூடுதல் பணம் என் முதலாளி கொடுத்தார், முகத்தைச் சுளித்தபடி.

வெட்டிய தாளுக்கு எடைக்கடையில் மதிப்புக் குறைவு. இழை நறுங்கிவிடுகிறது, மூட்டை கட்டவும் வராது. ஆகவே ஆள் விவரம் இருக்கிற பக்கம் மட்டும் மெஷினுக்கு, மற்றது முழுத் தாளாக எடைக்கு. பொடியாக வெட்டியதைக் கொலுசுக்காரர் கவரில் அடைத்துத் தலையணை மாதிரி வைத்து இப்போதும் பார்சலுக்குப் பயன்படுத்துகிறார். மருந்துக் கடையின் நல்ல அட்டைப் பெட்டிகளையும் அவர்தான் எடுத்துக்கொள்கிறார், அக்காவுக்கு எடை விலைக்கு மேல் கொடுத்து. ஒரு மாடியின் குப்பை இன்னொரு மாடியின் சரக்கு. பத்து வருடமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது.

டீ கப் யுத்தம்

நூற்றிருபது பேர், ஆளுக்கு இரண்டு டீ. நாளுக்கு 240 பேப்பர் கப். அதை ஏன் பேப்பர் கப் என்று சொல்கிறோம் என்பதே வேடிக்கை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ நிற்காது. அந்தப் பூச்சு இருப்பதால் மக்கவும் மக்காது, சாதாரணப் பேப்பர் ஆலைக்கும் ஆகாது. எடைக்கடைக்காரர் அதைக் கண்டாலே காலால் ஒதுக்குவார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் கப்பும் உண்டு. உண்டு என்பதோடு சரி. எங்கள் கட்டடத்துக்குத் தினமும் இரண்டு வேளையும் அதில்தான் டீ வந்தது.

முதலில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் என்று முடிவு செய்தோம். பேர் வெட்டி வாங்கிக் கொடுத்தோம். யார் கழுவுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மாடிக்கு ஒரு குழாய், அதில் எப்போதும் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாது. சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளை எண்ணி வாழ்ந்தவர்களுக்கு நூற்றிருபது டம்ளர் கழுவுகிற யோசனையே வயிற்றைக் கலக்கும். ஒரு வாரத்தில் டம்ளர்கள் காய்ந்த டீயோடு ஜன்னலில் வரிசையாக நின்றன. சில டம்ளரில் பேனா நின்றது.

தீர்வு எதிர் சந்து டீக்கடையில் கிடைத்தது. கடையில் நின்று குடிப்பவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், பார்சலுக்கு மட்டும்தான் பேப்பர் கப். "கிளாஸ்லயே கொண்டாந்து குடுத்துட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போக முடியுமா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முன்னெல்லாம் அப்படித்தானே சார் குடுத்தோம்" என்று சொல்லி, பரணிலிருந்து கம்பித் தூக்குகளை இறக்கினார். ஆறு கிளாஸ் நிற்கிற கம்பித் தூக்கு. எனக்குச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம்.

ஒரு ஆபீஸ் மட்டும் கேட்டிருந்தால் அவர் செய்திருக்க மாட்டார். ஆறு டீக்காக ஒரு பையனைக் கிளாஸ் எடுக்க இரண்டாவது நடை அனுப்ப முடியாது. 120 டீ ஒரே நேரத்தில், ஒரே கட்டடத்துக்கு என்றால் கட்டுப்படியாகும். கப் வாங்கும் காசு அவருக்கு மிச்சம், கிளாஸ் உடைந்தால் சங்கம் கொடுக்கும். உடைவது மாதம் நாலைந்து. கழுவுவது அவர் கடையில், அங்கே எப்படியும் நாள் முழுக்கக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இந்த ஏற்பாட்டுக்கு நாங்கள் இவ்வளவு மல்லாடினோம். ஆனால் அதே வராந்தாவில் 20 லிட்டர் தண்ணீர் கேன் வருடக்கணக்காக வந்து, தீர்ந்து, திரும்பிப் போய், நிரம்பி வந்துகொண்டிருந்தது. யாரும் கேனைக் குப்பையில் போடவில்லை. காரணம், டெபாசிட். அதற்காக யாரும் நோட்டீஸ் ஒட்டவும் இல்லை.

மொட்டை மாடி உரம்

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், தோற்றுப்போன கதை. ஈரக் குப்பையை நாமே உரமாக்கலாம் என்று மொட்டை மாடியில் இரண்டு டிரம் வைத்தோம். வைத்தது மே மாதம். மாம்பழக் காலம். சேலத்தில் மே, ஜூனில் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு மாம்பழமாவது வராத ஆள் கிடையாது. டிரம் முழுக்கத் தோலும் கொட்டையும் டீத்தூளும். உரம் மக்க கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் வேண்டும். காய்ந்த இலை, தேங்காய் நார்த்தூள் மாதிரி உலர்ந்த பொருளை நிறையக் கலந்து, காற்றும் போக வேண்டும். எங்களிடம் இருந்தது சாறு மட்டும். பத்தாவது நாள் நாலாம் மாடி வக்கீல் ஆபீஸில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பதினைந்தாவது நாள் புழு படியிறங்கி வந்தது. வக்கீலோடு மோத யாருக்குத் தைரியம்? டிரம்மைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொண்டோம்.

சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில், கிளறிவிட ஆள் இல்லாத இடத்தில் உரம் போடுவது வேண்டாத வேலை என்பது என் கருத்து. தோட்டம் இருக்கிற இடத்தில் வேறு. ஈர வாளியைத் தனியாக வைத்து மாநகராட்சி வண்டியில் தனியாகவே கொடுத்துவிடுகிறோம். நாங்கள் தனியாகக் கொடுத்தால்தான் அதை உரமாக்க முடியும். கலந்து போனால் செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். குப்பை மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகுகிற ஈரம் மீத்தேன் கிளப்பும். கோடையில் குப்பைமேடுகள் பற்றிக்கொண்டு லேசில் அணையாமல் புகைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சேராதவை

பல் டாக்டரின் பஞ்சு, ஊசி, கையுறை எதுவும் எங்கள் ஏற்பாட்டில் கிடையாது. மருத்துவக் கழிவுக்கு 1998இலிருந்தே தனி விதி, தனி நிறப் பை, தனி வண்டி. முன்பு ஒரு தடவை அவருடைய உதவியாளர் அவசரத்தில் ஒரு கவரைப் பொதுச் சாக்கில் போட்டுவிட, அக்காவின் கையுறையில் ஊசி குத்தி நின்றது. நல்லவேளை, தோலைத் தொடவில்லை. அதற்குப் பிறகு டாக்டரே தினமும் கதவைப் பூட்டுமுன் சாக்கைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

யுபிஎஸ் பேட்டரி பிரச்சினையே இல்லை, அதில் பாதிக்கு மேல் ஈயம், பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பார்கள். பிரச்சினை பழைய கீபோர்டு, ஒயர், மவுஸ், டியூப்லைட். டியூப்லைட்டில் பாதரசம் இருப்பதால் உடைத்துப் போடக் கூடாது. இவற்றை ஒரு பெட்டியில் சேர்த்து, ஆயுத பூஜைக்கு எல்லோரும் அலுவலகம் கழுவுகிற வாரத்தில் மொத்தமாக, அனுமதி பெற்ற மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கிறோம். நாள் ஆயுத பூஜையாக அமைந்ததால் யாருக்கும் தனியாக ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

பிஸ்கட் கவர், சிப்ஸ் கவர், சாம்பார் கட்டி வரும் கவர், இவற்றுக்கு இன்னும் வழியில்லை. பல அடுக்குப் பிளாஸ்டிக், எடைக்கடையில் மதிப்பே கிடையாது. தினமும் போகிற அந்த ஒரு மூட்டையில் இப்போது இருப்பது பெரும்பாலும் இதுதான். பில் மெஷினில் வருகிற வழுவழுப்பான சூட்டு அச்சுத் தாளும் அப்படித்தான். அதன் மேல் பூசியிருக்கும் ரசாயனத்தால் மற்றக் காகிதத்தோடு சேர்க்கக் கூடாது. செல்போன் கடைக்காரர் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார், பாதிப் பேர் "பேப்பர்ல குடுங்க" என்கிறார்கள்.

இடமும் எலியும்

எதிர்பாராமல் கிடைத்தது ஒன்று உண்டு. மூட்டைகள் குறைந்து, பழைய ஃபைலும் அட்டையும் வெளியேறியதில் கீழே ஆறு டூவீலர் நிறுத்துகிற இடம் கிடைத்தது. பார்க்கிங்குக்காக மாதம் ஒரு சண்டை நடக்கிற கட்டடத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. குப்பை விஷயத்தில் அதுவரை பட்டும் படாமலும் இருந்த சிட் ஃபண்ட் ஆபீஸ், அந்த ஆறு இடத்தில் ஒன்று தனக்கு வேண்டும் என்பதற்காகவே சேர்ந்தது. சேர்ந்த காரணம் எதுவானாலும் இப்போது அவர்கள் சாக்குத்தான் கட்டடத்திலேயே சுத்தம்.

எலியும் குறைந்தது. லிஃப்ட் ஒயரை வருடத்துக்கு இரண்டு தடவை கடித்துவைக்கும். போன வருடம் ஒரு தடவையும் இல்லை. இதற்கும் ஈர வாளியின் மூடிக்கும் சம்பந்தம் உண்டா என்று லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்டேன். "உங்க கட்டடத்துல எலிக்கு வேலை இல்லைங்க, அதான்" என்றார்.

போன மாதம் இன்சூரன்ஸ் கிளை காலி செய்துவிட்டுப் போய், அந்த இடத்துக்கு ஒரு லோன் ஏஜென்சி வந்தது. பால் காய்ச்சிய அன்றே ஒரு பெட்டி பேப்பர் கப்பும், மேஜைக்கு ஒன்றாகப் பதினாலு பிளாஸ்டிக் தொட்டியும் லிஃப்டில் ஏறின. வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று பேர் எனக்குத் தனித்தனியாகத் தகவல் சொன்னார்கள். நான் மேலே போவதற்குள் அக்கா போய்விட்டிருந்தார். கதவுக்கு வெளியே நான் நின்றபோது, புது மேனேஜரிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"தொட்டியெல்லாம் கடையில திருப்பிக் குடுத்துருங்க தம்பி, பில்லு இருக்குமில்ல? காலையில பதினொண்ணு, சாயங்காலம் நாலு, டீ கிளாஸ்ல வரும். கிளாஸ் மட்டும் கீழ போட்றாதீங்க."